பீட்டர்சன் சுங்கான் நல்லதா, கெட்டதா? அம்மப்பாவின் பைப்பை வைத்துக்கொண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்முனை வீட்டில் அம்மப்பாவின் அலமாரியை ஒதுக்கும்போது ஒரு பழைய சுங்கான் கிடைத்திருக்கிறது. கல்ஓயா அபிவிருத்திச் சபையில் வேலை பார்த்த காலத்தில் அவர் கையில் எப்போதும் இருந்தது என்று அம்மா சொல்கிறார். கழுத்தில் பீட்டர்சன் என்ற பெயர் இருக்கிறது. விசாரித்துப் பார்த்தால் ஒருவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார், இன்னொருவர் பெயருக்குத்தான் காசு, வேலை சுத்தமில்லை என்கிறார். இதற்கிடையில் கொழும்பில் இருக்கும் மச்சான் ஒருவர் ஆறு பழைய பீட்டர்சன் சுங்கான்களை, ஒன்றுக்கு இன்ன விலை என்று எல்லாவற்றுக்கும் ஒரே விலை போட்டுத் தரப் பார்க்கிறார். எதை நம்புவது, வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்த அளவில், உங்களிடம் இருப்பது நல்ல சாமான். பெருவிலை போகும் சாமான் இல்லை. மச்சானின் ஆறையும் ஒரே விலைக்கு வாங்க வேண்டாம். அந்தப் பெயரைப் புகழ்கிறவர்கள், ஏசுகிறவர்கள் இரண்டு பேருமே பெரும்பாலும் உண்மைதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்தது ஒரே சாமான் இல்லை. ஒரே மில்லின் பெயர் போட்ட மூட்டைதான் என்றாலும், அது பெரும்போக நெல்லா சிறுபோக நெல்லா, எந்த வருஷத்து அறுவடை என்று கேட்காமல் நம்ம ஆட்கள் அரிசி வாங்குவார்களா? சுங்கானிலும் அதைத்தான் கேட்க வேண்டும்: எந்தக் காலத்தில் செய்தது, எந்தத் தரத்துக்குச் செய்தது. அதற்குப் பிறகு, கையில் இருக்கிற அந்த ஒன்று எப்படி இருக்கிறது.

1865இல் டப்ளின் நகரத்துக் கிராஃப்டன் தெருவில் கப் சகோதரர்கள் தொடங்கிய கடையிலிருந்து வருகிற பெயர் இது. லத்வியாவிலிருந்து வந்த சார்ல்ஸ் பீட்டர்சன் என்ற கைவினைஞர் பிறகு அவர்களோடு சேர்ந்தார். 1890இல் அவர் காப்புரிமை எடுத்த, புகையின் ஈரத்தை ஒரு குழியில் பிடிக்கும் ‘சிஸ்டம்’ சுங்கானும், 1898இல் வந்த, துளை மேல் பக்கம் திறக்கும் ‘பி-லிப்’ வாய்முனையும்தான் கம்பனியைத் தூக்கி நிறுத்தின. அப்படிப் பார்த்தால் நூறு வருஷத்துக்கு மேல் ஒரே பெயரில் சாமான் வெளியே வந்துகொண்டிருக்கிறது. இடையில் இரண்டு உலகப் போர்கள் வந்தன. அயர்லாந்து பிரித்தானியாவிலிருந்து பிரிந்தது. 1991இல் கம்பனி டொம் பால்மர் என்பவர் கைக்கு மாறியது. 2018இல் லாடிசி என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. இத்தனை கை மாறியும் ஒரே தரம் நிற்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயமில்லை. 2018க்கு முந்திய இரண்டு மூன்று பத்தாண்டுகளில் வந்த சாமான்களைப் பற்றித்தான் குறைகள் அதிகம்: தடித்த வார்னிஷ், கிண்ணத்துக்குள்ளேயும் ஏறிய சாயம், மரக் குழிகளை அடைத்துச் சாயத்துக்குக் கீழே மறைத்த புட்டிப் பசை, துளையில் கவனக்குறைவு. அந்தக் குறைகளை நான் மறுக்க மாட்டேன். கைமாறிய பிறகு வேலை திருந்தியிருக்கிறது என்று வாங்குகிறவர்களில் பலர் சொல்கிறார்கள்.

காலம் ஒன்று. தரம் இன்னொன்று. சிஸ்டம் வகையிலேயே ஸ்டாண்டர்ட், பிரீமியர், டி லக்ஸ் என்று படிகள் உண்டு. ஸ்டாண்டர்டில் கழுத்தின் முனையில் நிக்கல் பூண், மேலே உள்ளவற்றில் வெள்ளிப் பூண். ஸ்டாண்டர்டில் மரத்தின் குழிகளைப் புட்டி வைத்து அடைப்பதைக் கம்பனியே ஏற்றுக்கொள்ளும். டி லக்ஸில் அப்படி இருக்கக் கூடாது. இப்போது ஒருவர் ஸ்டாண்டர்ட் ஒன்றை வாங்கிவிட்டு, “இதில் மூன்று இடத்தில் புட்டி” என்று எழுதுகிறார். இன்னொருவர் டி லக்ஸை வைத்துக்கொண்டு, “ஒரு குறை காட்டு பார்ப்போம்” என்கிறார். இவர்கள் சண்டை போடுவதைப் பார்த்து நீங்கள் முடிவெடுக்கப் போனால் எப்படி?

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அதை அநேகம் பேர் கவனிப்பதில்லை. சுங்கானைச் சோதிக்க எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் சில சோதனைகள் இந்த சிஸ்டம் சுங்கானுக்குப் பொருந்தாது. பொருந்தாத சோதனையில் தோற்ற சாமானைக் கெட்ட சாமான் என்று எழுதிவிடுகிறார்கள்.

உங்கள் சுங்கானை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்த்தண்டை மெதுவாக முறுக்கிக் கழற்றுங்கள். கழுத்துக்குள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். கிண்ணத்தின் அடியிலிருந்து வருகிற சின்னக் காற்றுத் துளை, கழுத்துத் துளையின் மேல் பக்கத்தில் திறக்கும். அதற்குக் கீழே ஒரு குழி இருக்கும். புகையோடு வருகிற ஈரம் அந்தக் குழியில் வடிந்து தங்க வேண்டும், வாய்க்கு வரக் கூடாது. இதுதான் 1890இல் பீட்டர்சன் காப்புரிமை எடுத்த யோசனை. சாதாரண சுங்கானில், வாய்முனை வழியாக பைப் கிளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை விட்டால் அது தடங்கலில்லாமல் கிண்ணத்தின் அடியில் எட்டிப் பார்க்க வேண்டும். அப்படி வந்தால் துளை நேராகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல சோதனைதான். ஆனால் சிஸ்டம் சுங்கானில் கம்பி அந்தக் குழிக்குள் போய் முட்டி நின்றுவிடும். அது பிழை இல்லை, அமைப்பே அப்படி. தண்டைக் கழற்றித் துடைப்பதற்கென்றே செய்த சாமான் அது. குழியில் சேர்ந்ததைக் கொட்டாமல், துடைக்காமல் விட்டுவிட்டு, “குறகுற என்று சத்தம் வருகிறது” என்று ஏசுகிறவர்களும் உண்டு.

அடுத்தது, தண்டு உட்காரும் விதம். சாதாரண சுங்கானில் தண்டும் கழுத்தும் மயிரிழை இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் வேலை சுத்தமில்லை. உங்கள் பைப்பில் தண்டு கூம்பாக ஒடுங்கிப் பூணுக்குள் நுழைகிறது, உராய்வால் மட்டும் நிற்கிறது. ராணுவ வகை என்று சொல்லும் இந்தப் பொருத்தத்தில் தண்டு முழுவதும் உள்ளே போய் முட்டாது, கொஞ்சம் வெளியே நிற்கும். தேயத் தேய இன்னும் சற்று உள்ளே போக இடம் வேண்டும் அல்லவா, அதற்காகத்தான். சூடாக இருக்கும்போதே கழற்றினாலும் கழுத்து வெடிக்காது என்பதும் இந்த வகையின் நன்மை. சாதாரண சுங்கானைச் சூட்டோடு கழற்றினால் கழுந்து, அதாவது கழுத்துக்குள் நுழையும் தண்டின் மெல்லிய முனை, முறியவோ கழுத்து பிளக்கவோ வழி உண்டு. இதில் பார்க்க வேண்டிய பிழை வேறு: தண்டைச் செருகிவிட்டு கிண்ணத்தைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது. பூண் மரத்தைவிட்டுக் கழன்று சுற்றக் கூடாது.

பி-லிப்பும் அப்படித்தான். காற்றுத் துளை வாய்முனையின் நுனியில் நேராகத் திறக்காமல் மேல் பக்கத்தில் திறக்கும். புகை நாக்கில் படாமல் அண்ணத்தை நோக்கிப் போகட்டும் என்று அப்படிச் செய்தார்கள். பழகியவர்கள் இதை விடமாட்டார்கள். பழகாதவர்கள் வாயில் ஏதோ இடைஞ்சல் என்பார்கள். சாதாரண வாய்முனையோடும் பீட்டர்சன் வருகிறது. இந்த விஷயத்தில் யார் சொல்வதையும் தரத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அவரவர் வாய்ப்பழக்கம்.

சரி, துளையில் உண்மையான பிழை என்பது எது? கிண்ணத்துக்குள்ளே டோர்ச் அடியுங்கள். காற்றுத் துளை கிண்ணத்தின் அடித்தளத்தில், நடுவில், தரையோடு தரையாகத் திறக்க வேண்டும். தரையிலிருந்து சில மில்லிமீற்றர் மேலே திறந்தால் அதற்குக் கீழே உள்ள புகையிலை எரியாமல் ஈரமாகத் தேங்கும். ஒரு பக்கமாகத் திறந்தால் ஒரு பக்கச் சுவர் அதிகம் சூடேறும். தரையைத் தாண்டிக் கீழே தோண்டியிருந்தால் அடி மெலிந்துவிடும். இது சிஸ்டமாக இருந்தாலும் சரி, எந்தப் பெயராக இருந்தாலும் சரி, மன்னிக்க முடியாத பிழை. கிண்ணத்தின் சுவர் சுற்றிவர ஒரே தடிப்பா என்றும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்துச் சுற்றிப் பாருங்கள். விரலுக்குத் தெரிந்துவிடும். உங்கள் படத்தில் துளை அடியில்தான் தெரிகிறது. கரிப் படலம் மூடியிருப்பதால் முழுவதும் சொல்ல முடியவில்லை, ஆனால் இடம் சரியான இடம்.

இனி முத்திரை. இதில் உங்கள் சுங்கான் நிறையப் பேசுகிறது. கழுத்தின் ஒரு பக்கத்தில் பீட்டர்சன், அதன் கீழே சிஸ்டம் ஸ்டாண்டர்ட். மறுபக்கத்தில் மூன்று வரியில் ‘அயர்லாந்துக் குடியரசில் செய்யப்பட்டது’ என்று ஆங்கிலத்தில். பக்கத்தில் 312 என்ற இலக்கம். அந்த இலக்கம் வடிவத்தைக் குறிக்கிறது. ஸ்டாண்டர்ட் சுங்கான்களுக்கு முந்நூறில் தொடங்கும் இலக்கங்கள். குடியரசு என்ற சொல்தான் காலத்துக்குச் சாவி. அயர்லாந்து குடியரசானது 1949இல். ஆகவே அதற்கு முன் இது செய்யப்பட்டிருக்க முடியாது. சுதந்திர அரசு என்று பொறித்திருந்தால் 1922க்கும் 1937க்கும் இடைப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஐரே, அதாவது அயர்லாந்தின் ஐரிஷ் மொழிப் பெயர், இருந்தால் அதற்கு அடுத்த காலம். இங்கிலாந்தில் செய்தது என்று பொறித்த பீட்டர்சனும் இருக்கிறது. லண்டனிலும் அவர்களுக்குப் பட்டறை இருந்தது, ஆகவே அதைக் கண்டு போலி என்று பயப்பட வேண்டாம்.

மற்ற எல்லை நம்ம நாட்டுக் கணக்கில் கிடைக்கிறது. கல்ஓயாச் சபை தொடங்கியதும் 1949இல்தான். இங்கினியாகலை அணையைக் கட்ட அமெரிக்கக் கம்பனி வந்திருந்த காலம். வெளிநாட்டுப் பொறியியலாளர்களும் கொழும்பு உத்தியோகத்தர்களும் காட்டுக்குள் முகாம் போட்டிருந்தார்கள். அம்பாறை அப்போது தனி மாவட்டம்கூட இல்லை, 1961இல்தான் பிரிந்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார்கள் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். வெளிநாட்டுச் சுங்கான் கடையில் கிடைக்கிற காலமா அது! உங்கள் அம்மா, தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்பா கையில் இதைக் கண்டதாகச் சொன்னாரே, அதையும் சேர்த்துப் பார்த்தால் ஐம்பதுகள் அல்லது அறுபதுகள் என்று நான் சொல்வேன். குறைகள் அதிகம் கேட்கிற அந்தப் பிந்திய காலத்துச் சாமான் இது இல்லை.

பூணில் மூன்று சின்னச் சின்னங்கள் இருப்பதைப் பார்த்து, “வெள்ளி முத்திரைதானே?” என்று கேட்டிருந்தீர்கள். இல்லை தம்பி. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மூவிலைப் புல், ஒரு நாய், ஒரு வட்டக் கோபுரம். பக்கத்தில் கே அண்ட் பி, அதாவது கப் அண்ட் பீட்டர்சன். இது நிக்கல் பூணில் கம்பனி அழகுக்காக வைத்த அடையாளம். உண்மையான டப்ளின் வெள்ளி முத்திரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உருவமும், முடி சூடிய யாழும், வருஷத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து இருந்தால் எந்த வருஷத்தில் வெள்ளியைச் சோதித்தார்கள் என்றே கண்டுபிடித்துவிடலாம். நாயையும் கோபுரத்தையும் காட்டி வெள்ளி என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் சொல்கிறவர்களே அதிகம், ஆனால் காசு கொடுக்கிறவருக்கு நஷ்டம் ஒன்றுதான். மச்சானின் ஆறில் வெள்ளிப் பூண் என்று அவர் சொல்வதை முதலில் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நான் தாண்டவன்வெளியில் ஒரு பறங்கி ஐயாவின் பட்டறையில் மர வேலை பழகியவன். ஓடாவி வேலையில் கை பழகிய எவருக்கும் இந்த மரம் ஆச்சரியமாக இருக்கும். சுங்கான் செய்யும் பிரையர் என்பது ஒரு புதர்ச்செடியின் அடியில், வேரும் தண்டும் சேருமிடத்தில் உருளையாகத் திரளும் முடிச்சு. மத்தியதரைக் கடலைச் சுற்றி, இத்தாலி, கோர்சிகா, கிரேக்கம், அல்ஜீரியா போன்ற இடங்களில் வளர்கிறது. அதைத் தோண்டி எடுத்து, ஈரம் காயாமல் வைத்திருந்து, துண்டு போட்டு, மணிக்கணக்காகத் தண்ணீரில் அவித்துச் சாற்றை இறக்கி, பிறகு மாதக் கணக்கில், சில பட்டறைகளில் வருஷக் கணக்கில், காய விடுவார்கள். அவிப்பதிலும் காய விடுவதிலும் அவசரப்பட்டால் சுங்கான் கசக்கும். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் கஷ்டம். கம்பனியின் பெயர் உண்மையிலேயே உதவுவது இந்த ஓர் இடத்தில்தான்: நல்ல மரம் வாங்கிக் காய வைக்கும் பழக்கம் உள்ள இடமா என்று பெயர் ஓரளவுக்குச் சொல்லும்.

“நம்ம முதிரையில், கருங்காலியில் செய்தால் என்ன?” என்று இங்கே கேட்பார்கள். முதிரை வீட்டுச் சாமானுக்கு ராசா மாதிரி மரம், மறுக்கவில்லை. ஆனால் அதன் தூள் பட்டாலே சிலருக்குத் தோல் அரிக்கும். அதை வாயில் வைத்து, நெருப்பும் போட்டு இழுப்பதா? கருங்காலி பாரம், சூட்டில் வெடிக்கும். தேக்கில் எண்ணெய். பிரையர் முடிச்சுக்குத் தீ சுலபத்தில் பிடிக்காது, பாரமும் குறைவு, உள்ளே நார் எல்லாத் திசையிலும் ஓடுவதால் இலகுவில் பிளக்காது. அந்த நார்தான் வெளியில் ஒரு பக்கம் நெருப்பு நாக்குப் போலவும் மறுபக்கம் பறவைக் கண் போலவும் தெரிகிறது. இந்த இரண்டும் ஒரே சுங்கானின் வேறு வேறு பக்கங்களில் தெரிந்தால் பிரையர் என்று தைரியமாகச் சொல்லலாம். இப்போது விற்பனைக்கு வரும் மலிவு ‘மரப் பைப்’ பலவற்றில் சுற்றிவர ஒரே வரிதான் ஓடும், சாயமும் கருஞ்சிவப்பாக அப்பியிருக்கும். அவை வேறு மரம், சில பிசின் வார்ப்பு.

மரத்தின் அழகுக்கும் புகைக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிலத்துக்கடியில் வளர்கிற முடிச்சில் சின்னக் குழிகள் இருப்பது இயற்கை. புட்டி வைத்து அடைத்திருப்பது விலையைக் குறைக்கும், சுங்கானைக் கெடுக்காது. கவலைப்பட வேண்டியது கிண்ணச் சுவரில் பெரிய புட்டி இருந்தால்தான்; சூட்டில் அது வெளுக்கும், சில நேரம் உதிரும். கண்டுபிடிப்பது சுலபம். வெயிலில், நிழல் விழாத இடத்தில் பிடித்துச் சுற்றுங்கள். மரத்தின் வரி ஓடிவந்து ஓர் இடத்தில் அறுந்து, அங்கே மட்டும் மினுக்கமில்லாமல் மங்கலாக ஒரு பொட்டு இருந்தால் அது புட்டி. உங்கள் சுங்கானின் இடப் பக்கத்தில், பூணுக்குக் கிட்ட, அப்படி ஒரு பொட்டு தெரிகிறது. ஸ்டாண்டர்டுக்கு அது வழமை. அதை வைத்து அம்மப்பாவை யாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

மற்றப் பெயர்களிலும் இதே கதைதான். டன்ஹில் என்றால் கடவுள் என்பார்கள். அவர்களும் தங்கள் தரத்துக்கு எட்டாத சாமானுக்காக 1920களில் பார்க்கர் என்று வேறு பெயர் வைத்தார்கள். அப்படிப் பிரித்ததுதான் டன்ஹில் பெயரைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். பீட்டர்சன் எல்லாத் தரத்தையும் ஒரே பெயரின் கீழ் விட்டதால் புகழும் பழியும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. கொமோய்ஸ் என்ற இன்னொரு கம்பனியின் பழைய சுங்கான்களில் தண்டில் உள்ள ஆங்கில ‘ஸீ’ எழுத்தை மூன்று துண்டு வைத்துப் பதித்தார்கள், பின்னாளில் அந்த வேலை எளிமையாகிவிட்டது. அந்த எழுத்தைப் பார்த்தே காலத்தைப் பிரிக்கலாம். ஸ்டான்வெல் 1942இல் டென்மார்க்கில் தொடங்கியது, 2010 அளவில் உற்பத்தி இத்தாலிக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் அப்படியே. அமெரிக்காவில் 1869 முதல் சோளன் பொத்தியின் நடுத்தண்டில் சுங்கான் செய்கிறார்கள். அது மிக மலிவு, ஆனால் அதில் புகை நன்றாக வரும் என்று அதிக விலைச் சுங்கான் வைத்திருப்பவர்களே சொல்வார்கள்.

பிறர் சொல்வதை எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்ப்பது இவ்வளவுதான்: சொல்கிறவர் எந்த வகை, எந்தக் காலம் என்று சொல்கிறாரா? குறை என்ன என்று குறிப்பாகச் சொல்கிறாரா? “துளை தரையிலிருந்து மூன்று மில்லிமீற்றர் மேலே” என்று எழுதுகிறவர் ஒருவர், “குப்பை” என்று எழுதுகிறவர் பத்துப் பேர் என்றால் அந்த ஒருவரைத்தான் நான் வாசிப்பேன். புகழ்கிறவர்களுக்கும் அதே அளவுகோல். விற்கிறவரே புகழ்ந்தால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டேன். குறைப்பட்டவர் எழுதுவார், திருப்தியானவர் பேசாமல் இருப்பார் என்பதையும் மறக்கக் கூடாது. அதிகமாகச் செய்து விற்கிற பெயருக்குக் குறையும் அதிகமாகத்தான் கேட்கும்.

மச்சானின் ஆறு சுங்கான்களுக்கு வருவோம். நேரில் போக முடியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படம் கேளுங்கள்: கழுத்தின் இரண்டு பக்க முத்திரை, பூணின் முத்திரை கிட்டத்தில், கிண்ணத்துக்குள்ளே வெளிச்சம் அடித்து ஒன்று, தண்டைக் கழற்றிக் கழுத்துக்குள் ஒன்று, வாய்முனையின் மேலும் கீழும், கிண்ணத்தின் அடிப் பக்கம். முழுச் சுங்கானையும் மேசையில் வைத்து எடுத்த அழகான படம் எதற்கும் உதவாது. படத்தில் முக்கியமாகப் பார்ப்பது வெடிப்பு. கழுத்தில் பூணுக்குக் கீழிருந்து மயிர் போல ஒரு கோடு ஓடினால் அதைத் தள்ளிவிடுங்கள். பூண் இருக்க வேண்டாத வகையில் பூண் இருந்தால், வெடிப்பை மறைக்கப் பின்னால் யாரோ போட்டிருக்கலாம். கிண்ணத்தின் வெளிச்சுவரில் ஓர் இடம் மட்டும் கறுத்திருந்தால் உள்ளே எரிந்து அரித்திருக்கிறது, அதுவும் வேண்டாம். வாய்முனையில் பல் பட்ட பள்ளம் ஆழமில்லை என்றால் சரி. தண்டு பச்சையும் மண்ணிறமுமாக நிறம் மாறியிருப்பது குறையே இல்லை. அது தேய்த்தால் போகும். முத்திரை தேய்ந்து வாசிக்க முடியாததற்குப் பீட்டர்சன் விலை கொடுக்காதீர்கள். ஆறில் ஒன்றிரண்டு தேறினால் அவற்றை மட்டும், தனி விலை பேசி எடுங்கள். மச்சான் என்பதால் வாய் திறக்கத் தயக்கமாக இருக்கும். படம் பார்த்து விலை பேசுவதில் மனத்தாங்கல் வராது. வாங்கிய பிறகு குறை கண்டுபிடித்துச் சொல்லும்போதுதான் வரும்.

உங்களுடையதை விற்றால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு: நிக்கல் பூண் போட்ட பழைய ஸ்டாண்டர்ட் வெளிநாட்டுச் சந்தையில் சில பத்து டொலருக்குப் போகும், அவ்வளவுதான். அதை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

துப்புரவாக்குவதற்கு அவசரம் வேண்டாம். தண்டு வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சமும் காற்றும் பட்டால் கந்தகம் மேலே வந்து பச்சை மண்ணிறம் ஆகும். நம்ம கடற்கரைப் பக்கத்துப் புழுக்கத்தில் இன்னும் கெதியாக. தண்டைத் தனியே எடுத்து, மிக நுண்ணிய சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, எண்ணூறில் தொடங்கி ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் என்று ஏறுங்கள். முதலில் சாக்கடை நிறத்தில் தண்ணீர் வரும், நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம். பிறகு மெல்லிய பொலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தால் கறுப்புக் கண்ணாடி போல வந்துவிடும். பி-லிப் முனையின் விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடாதீர்கள். மரத்தில் முத்திரை உள்ள இடத்தில் சாண்ட் பேப்பர் கிட்டவே போகக் கூடாது. அந்த எழுத்துப் போனால் சுங்கானின் வயதும் போய்விடும். கிண்ணத்துக்குள் உள்ள கரியை மழுங்கிய கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். ஒரு நாணயத்தின் தடிப்புக்குக் கரியை மிச்சம் விட்டால் போதும், மரம் தெரியும் வரை போக வேண்டாம். கழுத்துக்குள் ஈரக் குழியில் பல வருஷத் தார் இறுகியிருக்கும். பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, பிழிந்து, கம்பியில் சுற்றித் துடையுங்கள். வெளி மரத்தில் ஒரு சொட்டும் படக் கூடாது, சாயம் கரைந்துவிடும். நிக்கல் பூணை வெறும் துணியால் துடைத்தால் போதும்.

ஸ்பிரிட் பட்ட சுங்கான் பார்வைக்கு வைக்கத்தான், புகைக்க இல்லை. புகைக்கிற எண்ணம் இருந்தால் அந்த எண்ணத்தையே விடுங்கள் தம்பி. சுங்கான் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய் சுங்கான் பிடிப்பவர்களுக்கும் வருகிறது. நான் இவற்றை மரவேலைக்காகவும் பழைய கைத்திறனுக்காகவும் பழுது பார்க்கிறேன், சேர்க்கிறேன். நம்ம நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்க முடியாது, விளம்பரமும் செய்ய முடியாது. சேர்க்கத் தொடங்கினால் உங்கள் தங்கச்சியின் பிள்ளைகள் எடுத்து விளையாடாத இடத்தில் வையுங்கள்.

வைக்கும்போது வாய்த்தண்டைப் பூணில் இறுக்கிச் செருகி வைக்க வேண்டாம், லேசாகச் செருகினால் போதும். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், மாரி காலத்தில் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மச்சானின் படங்கள் வந்ததும் முத்திரைப் படங்களை முதலில் அனுப்புங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.